கிற்றார் அம்பிளிஃபயருக்கு மாற்று வால்வு தெரிவுசெய்தல்

திருகோணமலையில் வால்வு எனும் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் அம்பிளிஃபயர் வைத்திருக்கும் என் போன்றவர்கள் வால்வைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ தருவித்தே மாற்றுகிறோம். பிழையானது வந்து சேர்ந்தால் பணமும் போய், மறுபடியும் காத்திருக்க நேரிடும். ஆகவே எந்த வால்வு உண்மையில் பழுதாகியுள்ளது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

டச்சுக்குடாவிலிருந்து உப்புக்காற்று நேராக வரும் அறையில் என் அம்பிளிஃபயர் நின்றது. அது கரகரக்கத் தொடங்கியதும் கிற்றாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பிரியாம்ப் வால்வுகளில் முதலாவதை மாற்றினேன், கரகரப்பு நிற்கவில்லை. வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, அதன் கால்கள் நுழையும் சொக்கற் துளைகளின் ஓரத்தில் பச்சை நிறத்தில் களிம்பு பிடித்திருந்தது. பிளக்கைக் கழற்றி, அம்பிளிஃபயர் நன்றாக ஆறிய பின், கால்களில் கொன்ராக்ற் கிளீனர் (மின்தொடுகை முனைகளைத் துப்புரவாக்கும் திரவம்) தடவி, வால்வைச் சில தடவை செருகி எடுத்ததும் ஓசை தெளிந்தது. கடலோர ஊரில் இதைச் செய்து பார்க்காமல் வால்வு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதன் பின்னும் குறை இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அம்பிளிஃபயரின் பிரியாம்ப் வால்வுகளை மரப்பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியடித்தாற்போல் பலமாக ஒலிக்கிறதோ அதுவே மாற்ற வேண்டியது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வின் உள்ளே உள்ள தகடு செந்நிறமாகக் கனன்றால் உடனே நிறுத்த வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளியாக மினுங்கும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. கண்ணாடியில் தெரியும் மெல்லிய நீல ஒளி குறையன்று.

பிரியாம்ப் வால்வைத் தெரிவது எளிது. 12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒன்றே. முன்னது அமெரிக்கப் பெயர், பின்னது ஐரோப்பியப் பெயர். அதன் பெருக்கம் ஏறத்தாழ 100. ஓசை மிக விரைவில் உடைந்து சிதைகிறது என்று தோன்றினால், முதல் இடத்தில் மட்டும் பெருக்கம் 70 அளவிலுள்ள 5751ஐச் செருகலாம். ரிவேர்ப்பை (எதிரொலி போன்ற விளைவை) இயக்கும் இடத்தில் 12ஏரி7 இருந்தால் அதே எண்ணையே வாங்குங்கள்.

பவர் வால்வில் இந்தச் சுதந்திரம் இல்லை. ஈஎல்34, 6எல்6ஜிசி இரண்டும் ஒரே எட்டுக்கால் சொக்கற்றில் செருகப்படுபவை என்றாலும், முன்னதன் சூடாக்கும் இழை 1.5 அம்பியர் இழுக்கிறது, பின்னது 0.9 அம்பியரே இழுக்கிறது; 6எல்6க்கென அமைந்த டிரான்ஸ்போமர் அந்த மேலதிகச் சுமையைத் தாங்காமல் போகலாம். எனவே தயாரிப்பாளர் குறித்த எண்ணையே, மின்னோட்டம் ஒத்த சோடியாகக் கேட்டு வாங்குங்கள். சோடி ஒத்துப்போகாவிட்டால் இரைச்சல் கூடும். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் செய்யப்படும் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இரண்டுமே போதும். பழைய இருப்பிலிருந்து வரும் வால்வுக்குப் பல மடங்கு விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசிக்காதபோதும் பவர் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிப்பதே பயஸ். ‘நிலையான பயஸ்’ என்று பெயர் பெற்ற அம்பிளிஃபயர்தான், பெயருக்கு மாறாக, வால்வு மாற்றும்போது பயஸைச் சரிசெய்ய வேண்டியது. தகட்டில் 450 வோல்ற்று உள்ள ஈஎல்34ஐ எடுத்துக்கொண்டால், அது தாங்கும் 25 வாற்றில் 70 வீதம் 17.5 வாற்று, அதை 450ஆல் வகுக்க, ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 39 மில்லியம்பியர் என்று வரும். அதுவே மேல் எல்லை. அதற்குச் சற்றுக் கீழே வைப்பது வால்வின் ஆயுளுக்கு நல்லது. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், பெட்டியைத் திறந்து அளக்கும் இந்த வேலையைப் பழகிய திருத்துநரிடமே ஒப்படையுங்கள். பயஸ் தானாகவே ஒழுங்காகும் கதோட்டுப் பயஸ் கொண்டவற்றில் பெரும்பாலும் ஒத்த சோடியைச் செருகினாலே போதும்.

புதிய சோடியைச் செருகியதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் அருகிலிருந்து பவர் வால்வுகளின் தகடுகள் செந்நிறமாகக் கனல்கின்றனவா என்று கவனியுங்கள்.