வீட்டில் செய்யும் குடும்பக் கலண்டர்: முதலில் திகதிக் கட்டம், பிறகு படம்

படக் கலண்டர் செய்ய வெளிக்கிடுகிற எல்லாரும் முதலில் போட்டோ தேடத்தான் உட்காருவார்கள். ஆனால் வேலை பிழைக்கிற இடம் திகதிக் கட்டம். படம் கொஞ்சம் மங்கலாக வந்தாலும் அம்மம்மா சந்தோசமாக மாட்டி வைப்பா. அமாவாசையை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டால் அவவின் விரதமே பிழைத்துப்போகும். அதனால் இங்கே கட்டத்தைத்தான் முதலில் முடிக்கிறோம்.

செய்யப்போவது ஏ4 தாளை நிமிர்த்திப் பிடித்த அளவில் ஒரு சுவர்க் கலண்டர். மேற்பாதியில் படம், கீழ்ப்பாதியில் கட்டம், தலையில் ஸ்பைரல். முகப்பு ஒன்று, மாதங்கள் பன்னிரண்டு, பின்மட்டை ஒன்று, ஆக 14 தாள். ஒரு பக்கம் மட்டும் பிறின்ட் எடுங்கள். தலையில் கட்டிய சுவர்க் கலண்டரில் புரட்டிய தாளின் பின்பக்கம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அதில் அச்சிடுவது வீண்.

பக்கத்தை அமைத்தல்

போட்டோசொப் தெரியாதவர்கள் அதைப் படிக்க ஓட வேண்டாம். பவர்பொயின்ட் போதும், தமிழ் யூனிகோட் அதில் ஒழுங்காக நிற்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லைட் சைஸ் பட்டியலில் 'ஏ4' என்று இருப்பதைத் தெரிவு செய்தால் கிடைப்பது உண்மையான ஏ4 அல்ல, 27.5 × 19 சென்ரிமீற்றர்தான். 'கஸ்டம்' என்பதற்குப் போய் அகலம் 21, உயரம் 29.7 என்று கையால் அடியுங்கள். அதே கையோடு ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் சரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சேமிக்கும்போது படத்தின் தரம் சத்தமில்லாமல் குறையும்.

அளவுகள் இப்படி:

- தலையில் 1.8 செ.மீ. வெறுமையாக விடுங்கள், ஸ்பைரல் ஓட்டைகளுக்கு.
- படம் 19 × 14.25 செ.மீ. போன் படங்களின் 4:3 விகிதமும் இதுதான், அதனால் எந்தத் தலையும் வெட்டுப்படாது.
- மாதப் பெயருக்கு 1.6 செ.மீ.
- கட்டம் 19 × 10.5 செ.மீ., 7 நிரல், 7 நிரை. ஒவ்வொரு நிரையும் 1.5 செ.மீ.

ஏழு நிரை ஏன் என்றால், கிழமைப் பெயருக்கு ஒன்று போக, சில மாதங்களுக்கு ஆறு வரி தேவை. 2027இல் ஜனவரியும் ஒக்டோபரும் வெள்ளியில் தொடங்குகின்றன, மே சனியில் தொடங்குகிறது. ஞாயிறு முதலாக எழுதும் கட்டத்தில் இந்த மூன்றும் ஐந்து வரிக்குள் அடங்கா. ஐந்து வரிக் கட்டத்தை நகலெடுத்துக்கொண்டு போனால் முதலாவது மாதத்திலேயே 31ஆம் திகதி வெளியே நிற்கும். பிறகு 24ஐயும் 31ஐயும் ஒரே பெட்டியில் திணிக்க வேண்டிவரும்.

எழுத்தின் அளவு: திகதி இலக்கம் 16 புள்ளி, கீழே விசேடம் எழுத 8 புள்ளி. இதைவிடப் பெரிதாக்கினால் நிரை தானாக வளர்ந்து கடைசி வரி தாளுக்கு வெளியே போய்விடும். தமிழ் எழுத்துருக்களுக்கு வரி உயரம் கூட. நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் நல்லவை. தலைப்புக்கு ஹிந்த் மதுரை அழகாக இருக்கும். அலங்கார எழுத்துருக்களை முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திகதிகள், திதிகள்

மாதத் தலைப்பில் 'தை' என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பேச்சில் ஜனவரியையும் தை என்கிறோம், தைப்பொங்கல் அன்று பிறக்கிற மாதத்தையும் தை என்கிறோம். பெரிதாக 'ஜனவரி', கீழே சின்னதாக 'மார்கழி – தை' என்று போட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

பஞ்சாங்கம் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடியும். டிசம்பரில் உட்கார்ந்து கலண்டர் செய்பவரின் கையில் இருக்கும் பஞ்சாங்கம் வருகிற ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் காட்டும். மிச்சத்தை ஆண்டு முடிவில் கடைக்கு வரும் அச்சுக் கலண்டரைப் பார்த்து எடுங்கள். பஞ்சாங்கம் கணிக்கும் முறை இரண்டு, எடுக்கும்போது அது வாக்கியமா திருக்கணிதமா என்று பாருங்கள். இரண்டிலும் திதி தொடங்கும் நேரம் வேறுபடும், சில மாதங்களில் விரத நாளே மாறும். பரிசு போகிற வீடு எதைக் கைக்கொள்கிறதோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். போயா (பௌர்ணமி) விடுமுறைகளை இலங்கை அரசின் விடுமுறைப் பட்டியலிலிருந்து போடலாம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றத்தை மட்டும் குறிக்காமல் 25 நாளுக்கும் பெட்டி மூலையில் ஒரு சிறு நிறப்புள்ளி வைத்தால், மரக்கறி நாட்களைத் தனியாக எண்ணத் தேவையில்லை.

பிறந்தநாள் திகதிப்படி வரும். இறந்தவர்களின் திதி அப்படி நிற்காது, மாதமும் பட்சமும் திதியும் பார்த்து ஒவ்வொரு வருசமும் புதிதாகத் தேட வேண்டும். போன வருசத்துத் திகதியை அப்படியே பிரதி செய்வதுதான் குடும்பக் கலண்டரில் அதிகம் வருகிற பிழை.

படங்கள்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 19 செ.மீ. அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பார்த்தால் ஏறத்தாழ 2244 பிக்சல் தேவை. ஒன்றிரண்டு முகம் பெரிதாக உள்ள படத்துக்கு 1600உம் சமாளிக்கும். கலியாணவீட்டுக் குழுப்படத்தில் பின்வரிசை முகங்கள் கரைந்துபோகும். அனுப்புகிறவரிடம் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். நிமிர்ந்த படமென்றால் இரண்டை அருகருகே, ஒவ்வொன்றும் 9.3 செ.மீ. அகலத்தில் வையுங்கள். ஒன்றை வைத்து இரண்டு பக்கமும் மங்கலாக்கி நிரப்புவது அழகில்லை.

பழைய அல்பப் படங்களை 600 புள்ளியில் ஸ்கான் செய்யுங்கள். ஒட்டும் பக்கமுள்ள அல்பத்தில் படம் இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம், மெல்லிய தையல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அரக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் பக்கத்தோடு ஸ்கான் செய்வதே நல்லது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் இங்கே எத்தனையோ. அப்படியான வீட்டுக்குக் கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினரிடம் ஒரு படம் இருந்தால் அதுதான் ஒரே பிரதி, அதைக் கலண்டரில் மாத்திரமல்லாமல் தனியாகவும் சேமித்துக் கொடுங்கள்.

போன் திரையில் தெரிகிற வெளிச்சம் தாளில் வராது. இரவில் மண்டபத்துக்குள் எடுத்த படங்களின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு தாளை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோதல்

தமிழ் உடைவது இங்கேதான். பவர்பொயின்ட் பைலை அப்படியே கொடுத்தால், கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும், கட்டம் குலையும். பாமினியில் அடித்திருந்தால் இன்னும் மோசம். பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழைப் பொருத்திய எழுத்துரு, மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி (;) விசையின் இடத்தில் இருக்கிறது. அது இல்லாத கணினியில் 'ம்' என்பது ஓர் ஆங்கில 'கே'யும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும், பக்கம் முழுக்க அரைப்புள்ளியாய் இருக்கும். யூனிகோட் எழுத்தைப் பழைய போட்டோசொப்பில் ஒட்டினாலும் சிக்கல்தான்: 'செவ்வாய்' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய்விடும்.

பிடிஎப் ஆகச் சேமித்துக் கொடுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே போகும். கொடுக்க முன்பு அந்தப் பிடிஎப்பை உங்கள் போனில் திறந்து பாருங்கள். உங்கள் எழுத்துரு பெரும்பாலும் போனில் இருக்காது, ஆகவே அங்கே 'தைப்பொங்கல்', 'ஐப்பசி', 'செவ்வாய்' சரியாகத் தெரிந்தால் கடையிலும் சரியாக வரும். கடையில் 'ஃபிட்' என்று போடாமல் 'அக்சுவல் சைஸ்', நூறு வீதம் என்று கேளுங்கள். முதல் தாள் வந்தவுடன் படத்தின் அகலத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 19 செ.மீ. இருந்தால் மற்றதை ஓட விடலாம்.

தாள் சதுர மீற்றருக்கு 170 கிராம், பளபளப்பில்லாத மெட் ஆர்ட். பளபளக்கும் தாளில் படம் நன்றாக இருக்கும், ஆனால் காஸ் மாற்றிய நாள், பால் கணக்கு, சீட்டுக் காசு எழுதப் பேனா பிடிக்காது. இன்க்ஜெட் போட்டோத் தாளை லேசர் பிறின்டருக்குள் விடவே வேண்டாம். அந்தச் சூட்டில் மேற்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

கலர் பிறின்ட் செலவு கூடவென்றால், கட்டத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஸ்ரூடியோவில் 7 × 5 அங்குலப் படம் கழுவி ஒட்டலாம். இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள், பசையின் ஈரத்தில் தாள் நெளியும்.

கட்டுதல்

கலண்டர் செய்கிற காலம் இங்கே மாரிகாலம். ஈரம் குடித்த தாள் பிறின்டரில் சிக்கும், வெளியே வந்து சுருளும். தாளைக் கட்டுப் பிரிக்காமல் வைத்திருங்கள். வீட்டு இன்க்ஜெட்டில் எடுத்தால் ஒருநாள் முழுக்கப் பரப்பிக் காயவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

பின்மட்டைக்கு 300 கிராம் போட். ஸ்பைரல் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றுக்குக் கம்பியும் ஸ்ரேப்ளர் பின்னும் துருவேறித் தாளில் கறை வைக்கும். 14 தாளுக்கு 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்பைரல் போதும், படம் ஒட்டியதென்றால் 12. தொங்கவிட, இரண்டு முனையிலிருந்தும் இரண்டாவது வளையத்தில் 25 செ.மீ. நூலைக் கட்டுங்கள். ஓரத்து வளையத்தில் கட்டினால் பாரத்துக்கு ஸ்பைரல் அவிழ்ந்து வரும்.

பிறகு சேர்த்தது: வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்

பலர் கேட்டது இது. திதி உலகமெங்கும் ஒரே கணத்தில் மாறுகிறது, ஆனால் அந்தக் கணத்தில் ரொறன்ரோவில் வேறு திகதியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்து அமாவாசையை அங்கே அப்படியே போட்டால் ஒருநாள் பிழைக்கக்கூடும், அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். விடுமுறைகளும் அந்த நாட்டினதே. பிரான்ஸ் வீட்டுக்குக் கிழமை திங்களில் தொடங்கட்டும், அங்கே அதுதான் பழக்கம். அப்போது ஆறு வரி தேவைப்படும் மாதங்களும் மாறும்: 2027இல் மேயும் ஓகஸ்ட்டும்.

ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர், அப்படியென்றால் 170 கிராம் தாள் ஒன்று ஏறத்தாழ 10.6 கிராம். பதின்மூன்று தாளும் பின்மட்டையும் 160 கிராமுக்குக் கிட்ட வரும். ஸ்பைரல், உறை, மடங்காமல் வைக்கும் மட்டை எல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் தபாலுக்குப் போங்கள். சுருட்டி அனுப்ப வேண்டாம், ஸ்பைரல் நசிந்தால் தாள் புரளாது.