ஃபோர்க்லிஃப்ட்டில் ஃபால்ட் கோடு வந்தால் செய்யக்கூடாதவை

எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் நடுவழியில் நின்றதும் எல்லாரும் முதலில் செய்வது, சாவியை அணைத்து மறுபடி போடுவது. சில சமயம் வண்டி ஓடியும்விடும். ஆனால் பழுதைக் காட்ட வந்த எண் (அதுதான் ஃபால்ட் கோடு) என்ன, அப்போது பாரம் தூக்கிக்கொண்டிருந்ததா, சரிவில் ஏறியதா என்று கேட்டால் பதில் இருக்காது. அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

எண்ணையே தவறாக வாசிப்பதும் உண்டு. கர்ட்டிஸ் கம்பெனியின் 1236, 1238 கன்ட்ரோலர்களில் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி) சிவப்பு விளக்கு எத்தனையாவது இலக்கம் என்று சொல்லும். மஞ்சள்தான் இலக்கத்தின் மதிப்பு. சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு, மஞ்சள் மூன்று என்று மின்னினால் அது 23. இன்னொரு கம்பெனியின் பட்டியலில் அதே 23-க்கு வேறு அர்த்தம் இருக்கும், ஆகவே போனில் தேடி முதலில் கிடைத்ததை நம்பாதீர்கள்.

இந்த 23, மின்னழுத்தம் குறைந்ததால் கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கிறது என்கிறது. இங்கேதான் வீண் செலவு அதிகம். நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து, 48 வோல்ட் பேட்டரி 50 காட்டுகிறது, பேட்டரி நல்லா இருக்கு, கன்ட்ரோலர்தான் போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். பாரம் தூக்கும்போது அளந்து பாருங்கள். 24 செல்களில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் அது அப்போதுதான் மற்றவற்றைவிடச் சட்டென்று சரியும். பேட்டரி முனையில் வோல்ட் நின்று கன்ட்ரோலர் முனையில் மட்டும் விழுந்தால், இடையில் இருக்கும் லக் (கேபிள் நுனி இணைப்பு), பிளக், கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச்) ஆகியவற்றைப் பாருங்கள்.

இதே கன்ட்ரோலர்களில் 47 வந்தால் பல நேரம் எதுவுமே கெட்டிருக்காது. டிரைவர் பெடலை மிதித்தபடி சாவி போட்டிருப்பார், அவ்வளவுதான். காலை எடுத்து, உட்கார்ந்து, சாவி போட்டு, அப்புறம் திசையும் பெடலும் கொடுத்தால் அந்த ஃபால்ட் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் சீட் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். அதை ஒயர் போட்டு இணைத்துவிடுவது ரிப்பேர் இல்லை, ஆள் இறங்கிய பிறகும் வண்டி நகர வழி செய்து கொடுப்பது.

39 என்றால் மெயின் கான்டாக்டர் மூடவில்லை. உடனே புது கான்டாக்டர் வாங்காமல், மெயின் ஃப்யூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் திறப்பதானாலும் ஓட்டும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பேட்டரி பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்காதீர்கள். கன்ட்ரோலருக்கு உள்ளே கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க விடாமல், தகுந்த ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.