கோவளம், மாமல்லபுரம் கடலில் கயாக்கும் ஸ்நார்கெலிங்கும்: கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

"கோவளத்தில் ஸ்நார்கெலிங் போனால் பவளப்பாறை பார்க்கலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பார்க்க முடியாது. சென்னைக் கடற்கரை மணல் கரை, கலங்கல் தண்ணீர். அந்தமான் வீடியோவில் வருகிற நீலம் இங்கே கிடையாது. இங்கே இருப்பது ஆங்காங்கே கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகள், மீனவர்கள் பார் என்று சொல்வார்கள். அந்தப் பாருக்கு மேலே, தண்ணீர் தெளிந்த ஒரு நல்ல நாளில், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மிதந்தால் (ஸ்நார்கெலிங் என்பது இதுதான்) வரி வரியான சின்ன மீன்கள், பாறையை மூடிய சிப்பி, பாசி, இடுக்கில் ஒளிந்து எட்டிப் பார்க்கிற நண்டு எல்லாம் தெரியும். எனக்கு அது போதும். உங்களுக்குப் பவளம்தான் வேண்டும் என்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு டிக்கெட் போடுங்கள். அங்கேயும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது, அனுமதி உள்ள இடங்களில் மட்டும்தான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. தப்பான எதிர்பார்ப்போடு வருகிறவர்தான் கடலில் தப்பான காரியம் செய்கிறார். "காசு கொடுத்தாச்சு, ஒண்ணுமே தெரியலையே, இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம்" என்று கைடை நச்சரிப்பார். நான் பார்த்த வரை பெரும்பாலான தவறுகள் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு மாதம். லீவு கிடைக்கிறதே என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் புக் செய்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் அடையாறு, கூவம், தெற்கே பாலாறு எல்லாம் மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டும், அலையும் பெரிது, புயல் சின்னம் எப்போது உருவாகும் என்றும் தெரியாது. மழை முடிந்து கடல் அடங்கி, மண் படிந்து, பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான் நம் பக்கம் தண்ணீர் ஓரளவு தெளியும். அப்போதும் தினமும் தெளிவாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நேற்று அடித்தரை தெரிந்த அதே இடத்தில் இன்று நீட்டிய கையின் விரல் தெரியாமல் போகும்.

அடுத்தது நேரம். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். ஒரு ஏப்ரல் ஞாயிறு, ஒரு குழுவோடு சேர்ந்து போனேன். காலை 6 மணிக்குக் கரையில் கூடுவதாகப் பேச்சு. பாதிப் பேர் வந்தது எட்டு மணிக்கு, அப்புறம் காபி, போட்டோ, கிளம்பும்போது ஒன்பதே கால். கோவளத்திலிருந்து வடக்கே முட்டுக்காடு பக்கமாகத் துடுப்பு போட்டோம், சும்மா வழுக்கிக்கொண்டு போனது, கால் மணி நேரத்தில் கணிசமான தூரம். என்னோடு இரட்டைக் கயாக்கில், அதாவது இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடுகிற சின்னப் படகில், வந்த அக்கா மகள் "இவ்வளவு ஈஸியா மாமா!" என்று சிரித்தாள். ஈஸியாக இருந்ததற்குக் காரணம் முதுகில் தள்ளிய தென்கிழக்குக் காற்று. திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடித்தது. அதற்குள் பத்தரை ஆகி, கடற்காற்று நன்றாகக் கிளம்பிவிட்டது. குட்டிக் குட்டி அலைகள் கயாக்கின் மூக்கில் மோதி மடியில் தெறிக்க, கரையில் இருந்த ஒரே ஒரு தென்னை மரத்தைக் குறி வைத்துத் துடுப்பு போடுகிறோம், அது நகரவே இல்லை. பதினைந்து நிமிஷத் தூரம் ஐம்பது நிமிஷம் பிடித்தது. அவள் நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம். கைடு ஒரே ஒருவர், எங்களுக்கு வெகு முன்னால் போய்விட்டிருந்தார்.

அன்றைக்குப் படித்த பாடம் இரண்டு. ஒன்று, சூரியன் எழும்போது தண்ணீரில் இருக்க வேண்டும், ஒன்பது மணிக்குள் கரையேறிவிட வேண்டும். இரண்டாவது, முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். களைப்பு வருவது திரும்பும்போதுதான்.

இன்னொரு காற்று இருக்கிறது, அது இதைவிட மோசம். ஜூன், ஜூலையில் காலையில் மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலையின் தலையை அது அமுக்கிவிடுவதால் கடல் கண்ணாடி மாதிரி தெரியும். புதிதாக வருகிறவர்கள் "ஏரி மாதிரி இருக்கே" என்று துள்ளிக் குதித்து ஏறுவார்கள். அந்தக் காற்று உங்களைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். கரைக்குப் பக்கத்தில் தெரியவே தெரியாது, ஐந்நூறு மீட்டர் தாண்டினால்தான் அதன் பலம் புரியும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் கயாக் வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் யார் பார்த்துச் சொல்வது? வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையும், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பும் போனிலேயே கிடைக்கின்றன, முந்தின நாள் இரவே பாருங்கள். ஆனால் கடைசி வார்த்தை கரையில் நிற்கிற மீனவருடையது. எனக்குப் பழக்கமான கோவளத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். விடிகாலையில் வந்ததும் பேச மாட்டார். ஈர மணலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் அலை உடைகிற இடத்தையே பார்ப்பார். ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். ஃபைபர் படகுகள் எத்தனை வெளியே போயிருக்கின்றன, எத்தனை கரையிலேயே கிடக்கின்றன என்று எண்ணுவார். அப்புறம்தான் "ஏறு தம்பி" என்றோ "இன்னிக்கு வேணாம், தண்ணி கலக்கலா கீது" என்றோ சொல்வார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவரோடு வாதம் செய்து ஜெயித்து என்ன கிடைக்கப் போகிறது?

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டாகிராம் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேருக்கு ஒரு கைடு, முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் வருவார்களா, பக்கத்தில் மோட்டார் படகு நிற்குமா, கவிழ்ந்தவரைத் திரும்ப ஏற்றிவிடும் பயிற்சி தருவார்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதைப் போனில் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எல்லோரும் போடுகிறார்கள், யாரும் இறுக்குவதில்லை. போட்டபின் பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால், தண்ணீரில் விழும்போதும் அப்படித்தான் ஏறும், தலை உள்ளே போய்விடும். குழந்தைகளுக்குத் தொடைக்கு நடுவே போகிற பட்டை இல்லாத ஜாக்கெட் வாங்கவே கூடாது.

நீச்சல் தெரியும் என்பதால் தைரியமாக வருகிறவர்களுக்கு ஒன்று: கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கயாக்கை விடாதீர்கள். அது மூழ்காது, தூரத்திலிருந்து கண்ணில் படும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். திரும்ப ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வயிறு கயாக்கின் குறுக்கே படுக்கும் வரை காலை உதைத்து எம்பி, இடுப்பைத் திருப்பி உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே போட வேண்டும். இதை முட்டுக்காடு உப்பங்கழியின் அமைதியான தண்ணீரில் நாலு முறை செய்து பழகிவிட்டுக் கடலுக்கு வாருங்கள். அங்கேயும் முகத்துவாரம் திறந்திருக்கிற காலத்தில், தண்ணீர் வற்றுகிற நேரத்தில், அந்த வாய்க்குப் பக்கத்தில் போக வேண்டாம், இழுத்துவிடும்.

அடிபடுவது அதிகமும் நடுக்கடலில் இல்லை, கரையேறும்போதுதான். முழங்கால் ஆழம் வந்துவிட்டதே என்று கயாக்கிலிருந்து கரைப் பக்கமாகக் குதிப்பார்கள். பின்னால் வருகிற அலை இருபத்தைந்து முப்பது கிலோ பிளாஸ்டிக்கைத் தூக்கி அவர்கள் முழங்காலில் அடிக்கும். எப்போதும் கடல் பக்கமாக இறங்குங்கள், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் கயாக் இருக்கட்டும். அலை கூட்டம் கூட்டமாகத்தான் வரும். பெரிய அலைகள் போகிற வரை உடைகிற இடத்துக்கு வெளியே காத்திருந்து, அடங்கியதும் நேராக, குறுக்கே திரும்பாமல் வர வேண்டும்.

இனி மாமல்லபுரம். இந்தக் கரையின் அழகே அதன் பழமைதான். கோவளத்திலேயே ஒரு கோட்டை இருந்தது, 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார். அங்கிருந்து தெற்கே வந்தால் சாளுவன்குப்பம், 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை மணலுக்கடியிலிருந்து பழைய செங்கல் முருகன் கோயிலைத் தோண்டி எடுத்த இடம். அப்புறம் ராஜசிம்ம பல்லவனின் கடற்கரைக் கோயில். அதன் பெரிய சந்நிதி கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. மேற்கு வாசல் வழியாக டிக்கெட் வாங்கிப் போகிற நமக்கு அது உடனே உறைக்காது. விடியற்காலையில் கயாக்கில் தள்ளி நின்று பார்க்கும்போது, கீழ்வெயில் அந்தக் கல்லில் பட்டு மஞ்சளாக மாறும்போது, கப்பலில் வந்தவர்களுக்கு இந்த ஊர் எப்படித் தெரிந்திருக்கும் என்று புரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துவிடும்.

அந்த ஆசையில்தான் இங்கே இரண்டு தவறு நடக்கிறது. கோயிலுக்குக் கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. கோயிலைக் காக்கக் கொட்டிய பாறைகள் கரையோரம் முழுக்கக் கிடக்கின்றன, அலை அதில் மோதித் திரும்பி இரண்டு பக்கமும் கொந்தளிக்கும், அங்கே கயாக்குக்கு வேலையே இல்லை. இன்னொன்று, "மூழ்கிய கோயில்களை ஸ்நார்கெல் போட்டுக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்புவது. ஏழு கோபுரங்கள் என்று மாலுமிகள் சொல்லிவந்த கதை பழையது. 2002-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பிரிட்டிஷ் குழு ஒன்றோடு சேர்ந்து முக்குளித்து, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற கட்டுமானங்களையும் வெட்டிய கற்களையும் கண்டார்கள், அது உண்மை. சுனாமி அன்று கடல் உள்வாங்கியபோது கரையில் நின்றவர்கள் வரிசையாகப் பாறைகளைப் பார்த்ததும் உண்மை. ஆனால் அந்தக் கற்கள் பாசியும் சிப்பியும் மூடி, கலங்கிய தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களே தடவித் தடவிப் பார்த்ததை மேலே மிதக்கிற நாம் பார்த்துவிட முடியாது. அந்த இடத்துக்கு மேலே மிதக்கிறோம் என்கிற நினைப்பே பெரிய விஷயம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் போகலாம்.

ஸ்நார்கெல் போடும்போது மாஸ்க் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போகிறார்கள், முகத்தில் தழும்பு விழுகிறது, ஒழுகல் நிற்பதில்லை. ஒழுகுவது பெரும்பாலும் ரப்பருக்கடியில் சிக்கிய முடியால்தான். பட்டை போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். பனி படியாமல் இருக்க உள்கண்ணாடியில் எச்சில் தடவி அலசினால் போதும். குழாயில் தண்ணீர் புகுந்தால் பதறித் தலையைத் தூக்காதீர்கள், ஒரே மூச்சில் பலமாக ஊதினால் மேலே பீய்ச்சிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மூச்சை வேக வேகமாக இழுத்து இழுத்து விட்டுவிட்டு முங்குகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் அதிக நேரம் தாங்கலாம் என்று நினைப்பு. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு விடத் தூண்டுவதே அதுதான். ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும், மூச்சு முட்டுகிற உணர்வு மட்டும் வராது. அப்படியே நினைவு தப்பிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. யார் செய்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பாறையில் காலை ஊன்றாதீர்கள். சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும், இடுக்கில் கறுப்பாக முள் உருண்டை மாதிரி கடல் உயிர்கள் இருக்கும், அந்த முள் காலுக்குள்ளேயே ஒடிந்துபோகும். சொறி என்று மீனவர்கள் சொல்கிற ஜெல்லி மீன் செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் தொட வேண்டாம். மிதவை வரிசை தெரிந்தால் அது யாரோ ஒருவரின் வலை, அன்றைய சோறு, சுற்றிப் போங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகிற காலம். மூச்சு வாங்க ஒரு சாம்பல் பச்சைத் தலை தண்ணீருக்கு மேலே வரும், ஒரு நொடி, ஃபூ என்று சத்தம் கேட்கும், உடனே போய்விடும். துரத்தாதீர்கள். துடுப்பை மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருங்கள், சில சமயம் அது மறுபடியும் இன்னும் கிட்டே வந்து எழும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு, உயிரோடு ஒன்று மூச்சு விடும் சத்தம் என்ன என்று தெரியும்.

சாப்பாடு இரண்டு இட்லி போதும், பொங்கல் வடை திரும்பி வந்து. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதைக் கட்ட ஒரு கயிறு.

அப்புறம், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடல் சரியில்லை என்று நீங்களே ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி தருவீர்களா? ரத்து செய்தால் தனக்கு நஷ்டம் என்கிற நிலையில் இருக்கும் கைடு, கலக்கலான நாளிலும் "போலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார். பணம் பத்திரம் என்று எழுத்தில் கொடுப்பவரிடமே புக் செய்யுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.