210 மெகாவாட் நீராவி டர்பைன்: ஸ்டார்ட் செய்யும் வரிசையில் பாகம் பாகமாக

டர்பைனைப் பாடப்புத்தகப் படத்தில் இடமிருந்து வலமாகப் படித்தால் பெயர்கள் மனப்பாடமாகும், வேலை பிடிபடாது. ஸ்டார்ட் செய்யும் வரிசையில் படித்தால் எந்தப் பாகம் எதற்காக அங்கே இருக்கிறது என்பது தானாகப் புரியும். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை முதல் நிலை என்று நம் ஊரில் அதிகம் இருக்கும் 210 மெகாவாட் யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். பாய்லர் பக்கம் போகவில்லை. பிரஷர், டெம்பரேச்சர், சாச்சுரேஷன் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் எண்ணெய்

ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அதனால் எண்ணெய் வராமல் எதுவும் அசையக் கூடாது. முதலில் ஆக்ஸிலரி ஆயில் பம்ப் ஓடும். நிமிடத்துக்கு 3000 சுற்றை நெருங்கும்போது ஷாஃப்டிலேயே மாட்டிய மெயின் ஆயில் பம்ப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கரண்ட் மொத்தமாகப் போனால் பேட்டரியில் ஓடும் டி.சி. பம்ப் காப்பாற்றும். அந்த டி.சி. பம்பை ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முன் உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது என்பது சோதனை ஆகாது. பேரிங்குக்குப் போகும் எண்ணெய் 40-45 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். படலம் நிலையாக நிற்காமல் வைப்ரேஷன் காட்டும்.

2. பாரிங் கியர்

பல டன் எடையுள்ள ரோட்டர் சூடாக அசையாமல் கிடந்தால் மேல்பக்கம் சூடு அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் இருந்து வில் மாதிரி வளையும். அதைத் தடுக்க மோட்டார் வைத்து மெல்லச் சுற்றுகிறோம். எல்.எம்.இசட். (ரஷ்ய) டிசைனில் நிமிடத்துக்கு 3.4 சுற்று. ஜாக்கிங் ஆயில் (ஷாஃப்டின் அடியில் உயர் அழுத்தத்தில் செலுத்தும் எண்ணெய்) உள்ள இயந்திரமானால் அதைப் போட்டு ஷாஃப்டைத் தூக்கிய பிறகே பாரிங். ஷாஃப்ட் வளைவைக் காட்டும் எக்சென்ட்ரிசிட்டி மீட்டரில் பழைய நல்ல ரீடிங் எவ்வளவு என்று குறித்துவைத்திருங்கள். அதற்குத் திரும்பாமல் நீராவி விடக் கூடாது.

3. கிளாண்டும் வேக்கமும் (இங்கேதான் எல்லோரும் தடுக்குவது)

ஷாஃப்ட் உறையை விட்டு வெளியே வரும் இடம் கிளாண்ட். உள்ளே பல்வரிசை மாதிரி லேபிரிந்த் சீல். ஹெச்.பி. (உயர் அழுத்தப்) பக்கம் உள்ளே பிரஷர் அதிகம், லோடில் நீராவி வெளியே கசியப் பார்க்கும். எல்.பி. (தாழ் அழுத்தப்) பக்கம் உள்ளே வேக்கம், வெளிக்காற்று நுழையப் பார்க்கும். எல்.பி. கிளாண்டுக்கு வளிமண்டல அழுத்தத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலான நீராவி கொடுத்தால் காற்றுக்குப் பதில் நீராவி உள்ளே போகும். நீராவியைக் கண்டென்சர் தண்ணீராக்கிவிடும், காற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு விதி. ரோட்டர் சுற்றாமல் கிளாண்ட் ஸ்டீம் விடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடாகி ஷாஃப்ட் வளையும். ரோட்டர் சூடாக இருக்கும்போது கிளாண்ட் ஸ்டீம் இல்லாமல் வேக்கம் இழுக்கவே கூடாது. குளிர்காற்று கிளாண்ட் வழியாகச் சூடான ஷாஃப்டின் மேல் பாயும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன்பின் வரிசை நிலையத்துக்கு நிலையம் கொஞ்சம் மாறும், ஹாட் ஸ்டார்ட்டில் பேச்சே இல்லை: பாரிங், கிளாண்ட் ஸ்டீம், அப்புறம்தான் வேக்கம்.

"ஆவி வெளியே தெரிகிறதே, பரவாயில்லையா?" என்று கேட்பவர்கள் அதிகம். கிளாண்டில் இழை மாதிரி லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. வெள்ளையாகப் புகைந்தால் கிளாண்ட் ஸ்டீம் பிரஷரையும், கசியும் ஆவியை உறிஞ்சும் கிளாண்ட் கூலர் ஃபேனையும் பாருங்கள். பக்கத்திலேயே பேரிங் பெடஸ்டல் (பேரிங்கைத் தாங்கும் பெட்டி) இருக்கிறது. அந்த ஆவி அதற்குள் புகுந்து தண்ணீராகி எண்ணெயில் கலக்கும். சில நாளில் ஆயில் டேங்க் சாம்பிள் மோர் மாதிரி கலங்கி வரும், எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜை மாறி மாறி ஓட்டியும் தெளியாது. கோளாறு எண்ணெயில் இருக்காது, கிளாண்டில் இருக்கும்.

வேக்கம் எதற்கு? 0.1 பாரில் ஒரு கிலோ நீராவி சுமார் 14.7 கன மீட்டர் இடம் பிடிக்கும். தண்ணீரானால் ஒரு லிட்டர். அந்தச் சுருக்கம்தான் வேக்கத்தை உண்டாக்குகிறது. எஜெக்டரோ வேக்கம் பம்போ தொடக்கத்தில் காற்றை இழுப்பதற்கும், பிறகு கசிந்து வரும் காற்றை அகற்றுவதற்கும்தான்.

வேக்கம் குறைந்தால் எங்கே தேடுவது? லோடு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு மூன்று டெம்பரேச்சரை எழுதுங்கள். கூலிங் வாட்டர் உள்ளே 32, வெளியே 41, கண்டென்சர் பிரஷருக்கான சாச்சுரேஷன் 46 என்றால் ஆரோக்கியம். 9 டிகிரி ஏற்றம் 13 ஆனால் தண்ணீர் போதவில்லை: பம்ப், வால்வ், டியூப் முகப்பில் அடைத்த குப்பை. ஏற்றம் 9 தான், ஆனால் 41-க்கும் 46-க்கும் இருந்த 5 டிகிரி இடைவெளி 9 ஆகிவிட்டது என்றால் டியூப் உட்புறம் பாசி, அல்லது காற்று. கூடவே ஹாட்வெல் (கண்டென்சர் அடியில் தண்ணீர் சேரும் தொட்டி) தண்ணீர் சாச்சுரேஷனைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருந்தால் காற்றை முதலில் சந்தேகியுங்கள். 210-க்குக் கூலிங் வாட்டர் மணிக்குச் சுமார் 27,000 கன மீட்டர். கடல்நீர் ஓடும் நிலையங்களில் டியூப் ஓட்டையானால் வேக்கத்தில் ஒன்றும் தெரியாது, ஹாட்வெல் கண்டக்டிவிட்டியில்தான் தெரியும்.

என் கட்சி: "வேக்கம் 680" என்று பாதரச மீட்டரைப் படிப்பதை விட்டு, அப்சல்யூட் பிரஷரைப் படியுங்கள். கடலோரத்தில் வளிமண்டலம் 760 மி.மீ.; அங்கே 680 என்றால் மிச்சம் 80, சாச்சுரேஷன் 47 டிகிரி. மேட்டூர் உயரத்தில் வளிமண்டலமே சுமார் 20 மி.மீ. குறைவு, அதே 680-க்கு மிச்சம் 60-க்கும் கீழே, 41 டிகிரிப் பக்கம். ஒரே எண், வேறு வேறு நிலைமை.

4. ரோலிங்

மெயின் ஸ்டீம் லைனில் தண்ணீர் வடிக்கும் டிரெய்ன் வால்வுகளைத் திறந்து சூடேற்றுங்கள். வரும் நீராவி சாச்சுரேஷனுக்கு மேல் குறைந்தது 50 டிகிரி இருக்க வேண்டும், உறை உலோகத்தைவிடவும் சூடாக இருக்க வேண்டும். ஸ்டாப் வால்வ் திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பதற்கான கதவு. அளவு பார்ப்பது கண்ட்ரோல் வால்வ். 500 சுற்றில் நிறுத்தி ஒவ்வொரு கிளாண்டிலும் பேரிங்கிலும் கம்பி வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். உரசல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப்பைவிட நீள ஸ்க்ரூ டிரைவரே மேல், பேட்டரி தீராது. கிரிட்டிக்கல் ஸ்பீடுகளில் (ரோட்டர் மிக அதிகமாக அதிரும் வேகங்கள்) நிற்காமல் கடந்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது டிஃபரென்ஷியல் எக்ஸ்பான்ஷன். ரோட்டர் மெலிது, சீக்கிரம் சூடாகி நீளும். உறை கனம், மெல்ல நீளும். ரோட்டர் முந்திக்கொண்டே போனால் அசையும் பிளேடும் அசையாத டயஃப்ரமும் உரசும். அந்த ரீடிங் லிமிட்டை நெருங்கினால் அந்தச் சுற்றிலேயே நிறுத்தி உறை எட்டிப் பிடிக்கக் காத்திருங்கள். லோடைச் சடாரென்று குறைத்தால் இதுவே தலைகீழாக நடக்கும்.

5. மூன்று சிலிண்டர்

நீராவி 130 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.-க்கு), 535 டிகிரியில் ஹெச்.பி.-க்குள் வரும், வெளியேறும்போது 27 கிலோ அளவில் இருக்கும். பாய்லரின் ரீஹீட்டரில் மறுபடி 535 ஆகி ஐ.பி.-க்கு (இடை அழுத்த சிலிண்டர்) போகும், பிறகு எல்.பி. எல்.எம்.இசட். டிசைனில் பிளேடு வரிசைகள் ஹெச்.பி.-யில் 12, ஐ.பி.-யில் 11, எல்.பி.-யில் இரண்டு பக்கமும் நந்நான்கு. கடைசி வரிசை பிளேடு அவ்வளவு நீளமாக இருக்கக் காரணம் மேலே சொன்ன 14.7 கன மீட்டர்தான்.

வேகத்தைப் பார்த்து கண்ட்ரோல் வால்வை அசைக்கும் கவர்னரின் டிரூப் 5 சதவீதம் என்றால், 50 ஹெர்ட்ஸில் 2.5 ஹெர்ட்ஸ் மாற்றத்துக்கு முழு லோடு. கிரிட்டில் 0.1 ஹெர்ட்ஸ் குறைந்தால் 4 சதவீதம், அதாவது 8.4 மெகாவாட் ஏற்றச் சொல்லும். கிரிட் பிரேக்கர் திடீரென்று திறந்தால் கண்ட்ரோல் வால்வ் மட்டும் மூடிப் பயனில்லை; ரீஹீட்டர் குழாய்களில் தேங்கிய நீராவி ஐ.பி.-யைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்டர்செப்டர் வால்வ் இருப்பது அதற்காக. அதுவும் தவறினால் 110-112 சதவீதத்தில், 3300-3360 சுற்றில், ஓவர்ஸ்பீடு போல்ட் வெளியே துள்ளி நீராவியை அடைத்து டிரிப் செய்யும்.

இடையில் எடுக்கும் நீராவி ஹீட்டர்களுக்குப் போய் ஃபீட் வாட்டரைச் சூடாக்கும். அந்த லைன்களின் நான்-ரிட்டர்ன் (ஒருவழி) வால்வுகளைச் சோதிக்காமல் விடாதீர்கள். ஹீட்டர் டியூப் ஓட்டையானால் தண்ணீர் பின்வழியாக டர்பைனுக்குள் வரும்.

6. நிறுத்தும்போது

டிரிப் ஆனதும் ஸ்பீடு இறங்கட்டும். எண்ணெய் போனது, கடுமையான வைப்ரேஷன் போன்ற அவசரம் இல்லையென்றால் முழு வேகத்தில் வேக்கத்தை உடைக்காதீர்கள். வேக்கம் பூஜ்ஜியமான பிறகே கிளாண்ட் ஸ்டீமை மூட வேண்டும். வரிசை மாறினால் 3-ஆம் படியில் சொன்ன குளிர்காற்றுதான். ரோட்டர் நின்ற உடனே பாரிங். கையேட்டில் சொன்ன உலோகச் சூடு வரும்வரை, நாள் கணக்கானாலும், அது ஓட வேண்டும்.

பாரிங் மோட்டார் நடுவில் நின்றுபோனால் எண்ணெய் பம்பை நிறுத்தாமல் கையால் சுற்றுங்கள். கப்ளிங்கில் சாக்பீஸால் கோடு போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சரியாகப் பாதிச் சுற்று. ஷிஃப்ட் மாறும்போது கோடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை நேரத்தோடு லாக் புக்கில் எழுதிவிட்டுப் போங்கள்.