தத்துப்பிள்ளைக்குப் பெற்றவர்களிடமிருந்தே ஆபத்து என்றால் செய்ய வேண்டியவை

"நாங்க பெத்த பிள்ளை. எப்ப வேணாலும் தூக்கிட்டுப் போவோம்." தத்தெடுத்த வீட்டுக்கு மிரட்டல் இப்படித்தான் வந்து சேரும். இந்தப் பேச்சுக்குப் பலம் இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கிறது. ஒன்று, தத்துக் காகிதத்தில் இருக்கும் ஓட்டை. மற்றொன்று, பிள்ளையிடம் மறைத்து வைத்திருக்கும் உண்மை. இரண்டையும் அடைத்துவிட்டால், மிஞ்சுவது காவல்துறை வழக்கமாகக் கையாளும் மிரட்டல் குற்றம்தான். கீழே சொல்வது தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கானது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழ்மையால் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய், ஒரு போட்டோவாவது காட்டுங்கள் என்று அழுது கேட்டால் அது ஆபத்து இல்லை. அதை மிரட்டலாக எண்ணிக் காவல்நிலையத்துக்கு ஓடுவது அநியாயம். அந்தக் கோரிக்கையைத் தத்து மையம் அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கையாளலாம். பணம் கேட்பது, குடித்துவிட்டு வாசலில் வந்து நிற்பது, பள்ளி வாசலில் காத்திருப்பது, பிள்ளையிடம் தனியாகப் பேச முயல்வது, ஏற்கெனவே அந்தப் பிள்ளையை அடித்த அல்லது பாலியல் கொடுமை செய்த வரலாறு இருப்பது: ஆபத்து இவைதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் "பாவம், பெத்தவங்க" என்று காத்திருக்க வேண்டாம்.

காகிதங்களை இன்றே எடுத்துப் பாருங்கள்

அரசு வழியாக, அதாவது காராவில் (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) பதிவு செய்து, சிறப்புத் தத்து மையத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் உங்கள் நிலை மிக உறுதியானது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 63-ஆம் பிரிவின்படி, தத்து உத்தரவு அமலுக்கு வரும் நாளிலிருந்து பிறந்த குடும்பத்துடன் இருந்த சட்ட உறவு முறிந்து, எல்லா வகையிலும் உங்கள் பிள்ளையாகிவிடும். அந்த உத்தரவை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். பெற்றவர்கள் குழந்தை நலக் குழு முன் ஒப்படைத்த பிள்ளை என்றால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்கு 60 நாள் அவகாசம் இருந்திருக்கும். அது முடிந்து, தத்துக் கொடுக்கத் தகுதியான பிள்ளை என்று குழு அறிவித்த பிறகு வந்து "கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொன்னால், அதை அவர்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

சிக்கல் அதிகம் வருவது சொந்தத்துக்குள்ளும் தெரிந்தவர்களிடமும் வாங்கிய பிள்ளைகள் விஷயத்தில். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-இன்படி, பிள்ளைக்குப் பொதுவாக 15 வயது முடிந்திருக்கக் கூடாது, பெற்ற தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும், கையிலிருந்து கைக்குக் கொடுத்து வாங்கியது உண்மையில் நடந்திருக்க வேண்டும். அப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டு, அம்மாவின் கையெழுத்தே இல்லாத பத்திரங்கள் ஏராளம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான். இருதரப்பும் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரமாக இருந்தால், தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, செல்லுபடியான தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. பெற்றவர்களாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

நோட்டரி முத்திரையோடு ஒரு முத்திரைத்தாள் மட்டும் இருக்கிறதா? அதைத் தத்துப் பத்திரமாக நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். கொடுத்து வாங்கியதற்குப் போட்டோ, சாட்சிகள், பள்ளிப் பதிவு எல்லாம் இருந்தால், தத்து நடந்ததை உறுதி செய்யச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழி உண்டு. தரகர் மூலமோ மருத்துவமனை ஊழியர் மூலமோ வாங்கிய பிள்ளை என்றால் விஷயம் கடினமானது. சட்ட நடைமுறை இல்லாமல் தத்தெடுப்பதற்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் அபராதமும் உண்டு. மிரட்டுகிறவர்களுக்கு இது தெரியும், அதை வைத்துத்தான் மிரட்டுவார்கள். ஊர் மாறி ஒளிவது உதவாது. வக்கீலோடு குழந்தை நலக் குழு முன் நீங்களே போய் நில்லுங்கள். குழு பிள்ளையைச் சிறிது காலம் இல்லத்தில் வைக்கலாம், உங்கள் மீது வழக்கும் வரலாம், பிள்ளை திரும்பி வராமலும் போகலாம். அப்படியும் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒளிந்து வாழும் வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், புகார் கொடுக்கக்கூட உங்களால் வாய் திறக்க முடியாது.

அடுத்து, பழைய பெயர்களின் மிச்சத்தைத் துடையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயராக உங்கள் பெயர் வந்துவிட்டதா? ஆதாரில் முகவரியும் செல்போன் எண்ணும் யாருடையது? பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில், யார் பெயர் இருக்கிறது? சொந்தத்துக்குள் தத்தெடுத்த வீடுகளில் விட்டுப்போவது குடும்ப அட்டை. பிள்ளையின் பெயர் பெற்றவர்களின் அட்டையிலேயே கிடக்கும். "எங்க ரேஷன் கார்டுல இருக்கிற பிள்ளை" என்று அதைக் காவல்நிலையத்தில் நீட்டினால், ஏட்டையா குழம்பிப்போவார்.

பணம் கொடுக்காதீர்கள்

ஒரு ரூபாய்கூட வேண்டாம். பாவம் பார்த்து அனுப்பிய ஐயாயிரம், அடுத்த மாதம் பத்தாயிரமாகத் திரும்பி வரும். அதைவிடப் பெரிய கேடு, அந்த ஜிபே ரசீதே "பிள்ளையை விலைக்கு வாங்கினார்கள்" என்று உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். மிரட்டிப் பறித்த பணம் என்று நிரூபிக்க முடிந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 308-இன் கீழ் 7 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். பணம் கேட்ட மெசேஜ் முதலில், பணம் போனது பிறகு என்ற வரிசை ஆதாரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மிரட்டல் வந்த நாளில்

பதில் பேசாதீர்கள், பிளாக் செய்வதற்கும் அவசரப்படாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றத்தில் சான்று கொடுக்கும்போது, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று காட்ட வேண்டியிருக்கும். ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், அவர்கள் சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். "அசிங்கமாகத் திட்டினார்" என்று எழுதுவதில் பயனில்லை. சொன்ன வார்த்தை எப்படியோ, அப்படியே எழுதுங்கள்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். பலர் இதை வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆள்கடத்தல் குற்றத்துக்கு (அதே சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை) சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிள்ளை தன் பொறுப்பில் இருக்க வேண்டியது என்று ஒருவர் நல்லெண்ணத்தில் நம்பி எடுத்துப் போனால், அது கடத்தல் ஆகாது. தத்து நடந்ததையும் சட்ட உறவு முறிந்ததையும் சொல்லும் நோட்டீஸ் தபாலில் போய், அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான சான்று உங்கள் கைக்கு வந்துவிட்டால், "எனக்குத் தெரியாது, என் பிள்ளைதானே என்று நினைத்தேன்" என்ற பேச்சு நிற்காது. ஆனால் காரா வழி வந்த பிள்ளை என்றால் அவர்களுக்கு உங்கள் பெயரும் முகவரியும் தெரியாமல் இருக்கலாம். அப்போது நோட்டீஸ் மூலம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். தத்துக் கோப்பு ரகசியமானது, மூன்றாம் நபர் அதைத் தேடித் தோண்ட 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. அவர்கள் கைக்கு உங்கள் எண் எப்படிப் போனது என்பதையும் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கேளுங்கள்.

காவல்நிலையத்தில் புகார் ஒரு பக்கம் போதும். யார், எப்போது, என்ன சொன்னார், என்ன ஆதாரம், என்ன வேண்டும் என்று எழுதி, தத்து உத்தரவின் நகலை இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். "இது குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். சட்டப்படி அவர்கள் இப்போது குடும்பமே இல்லை என்று 63-ஆம் பிரிவின் நகலைக் காட்டுங்கள். பத்திரத் தத்து என்றால் 1956 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அப்படியும் பதிவு செய்யாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்த வரிசை பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-லேயே இருக்கிறது. சண்டை மூளும் நிலை என்றால், அமைதி காப்பதற்கான பிணைப்பத்திரம் எழுதி வாங்க 126-ஆம் பிரிவில் வழி உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் முன் நின்று கையெழுத்துப் போட்ட பிறகு பலரும் அடங்குவார்கள்.

உரிமையியல் பக்கத்தில், பிள்ளையின் வாழ்வில் குறுக்கிடக் கூடாது என்று இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) கேட்கலாம். அவர்கள் வழக்குப் போடப்போவதாகத் தெரிந்தால் முந்திக்கொண்டு கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போடுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போகாது. கேவியட் 90 நாள் மட்டுமே செல்லும், தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

பிள்ளை மீது நடந்த கொடுமைக்காகப் பெற்றவர் மீது போக்சோ வழக்கு நிலுவையில் இருந்தால், பிள்ளை அந்த வழக்கின் சாட்சியும்கூட. அரசு வழக்கறிஞரைப் பார்த்து, பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் அருகே வரக் கூடாது என்பதை ஜாமீன் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மீறினால் ஜாமீனை ரத்து செய்ய மனு. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் மனுக் கொடுக்கலாம், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும்.

பள்ளி, தெரு, பிளக்ஸ்

பள்ளியில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய மூன்று பேர், அவர்கள் போட்டோ, எண். வேறு யார் வந்தாலும், "அம்மாவுக்கு ஆக்சிடென்ட்" என்றாலும், உங்களுக்கு போன் செய்யாமல் அனுப்பக் கூடாது. வாட்ச்மேன், வேன் ஓட்டுநர், டியூஷன் டீச்சர் மூவரிடமும் நேரில் பேசுங்கள். தப்பு நடப்பது பள்ளி நேரத்தில் குறைவு, மணி அடித்து வேன் ஏறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கவனம் சிதறும். வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாதவரோடு, தெரிந்த முகமானாலும், போகக் கூடாது.

பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் பிள்ளையின் படம், பெயர், மண்டபம், தேதி எல்லாம் போட்டுத் தெருமுனையில் பிளக்ஸ் வைக்கும் வழக்கத்தை இந்த வீடு விட்டுவிட வேண்டும். தாய்மாமன் ஆசையாக வைப்பார், அவரிடம் காரணத்தைச் சொல்லியே நிறுத்துங்கள். சீருடையோடு, பள்ளி பேட்ஜ் தெரியும் படத்தை யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. நீங்கள் எத்தனை கவனமாக இருந்தாலும், சொந்தக்காரர் ஒருவரின் ஃபேஸ்புக் போதும்.

பிள்ளையிடம் சொல்லுங்கள்

"சொல்லிடுவேன்" என்பதுதான் மிரட்டுகிறவரின் கடைசி ஆயுதம். மூன்று, நான்கு வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்கியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இந்த வாரம் சொல்லுங்கள். பள்ளி வாசலில் ஒரு அந்நியர் வாயால் கேட்பதைவிட, உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்பது மேல். "உன்னைப் பெத்த அம்மா வேற. அவங்களால உன்னைப் பத்திரமா பாத்துக்க முடியல. அதனால நீ எங்ககிட்ட வந்தே. இனிமே எப்பவும் இதுதான் உன் வீடு." இவ்வளவு போதும். பெற்றவர்களை ராட்சசர்களாகக் காட்டாதீர்கள். பிள்ளை தன்னையும் அந்த ரத்தமாக நினைத்துக் குறுகிப்போகும். அதே சமயம் ஆபத்தை மழுப்பவும் வேண்டாம்: "அவங்க வந்து கூப்பிட்டா போகக் கூடாது, சத்தம் போடணும், டீச்சர்கிட்ட ஓடணும்."

பதின்ம வயதுப் பிள்ளையை இன்ஸ்டாகிராமில் தேடி வருவார்கள். போனைப் பிடுங்கினால் நண்பன் போனில் பேசும். மெசேஜ் வந்ததைச் சொன்னால் திட்ட மாட்டோம் என்ற உறுதியை முதலில் கொடுங்கள். வேர்களைத் தேடும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. 18 முடிந்தால் தானே காராவில் விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் உங்களோடு சேர்ந்து. அந்த வழி திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, ரகசியமாகப் பேருந்து ஏறுவதற்கான காரணம் குறைகிறது.

தூக்கிக்கொண்டு போய்விட்டால்

உடனே 112, அடுத்து குழந்தைகள் உதவி எண் 1098. ரயிலில் போயிருக்கலாம் என்று தோன்றினால் 139. காணாமல்போன பிள்ளை பற்றிய புகாரில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. "24 மணி நேரம் பாருங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்குள் எடுத்த முழு உருவப் படம், அன்று போட்டிருந்த உடை, அங்க அடையாளம், தத்து உத்தரவு நகல், பெற்றவர்களின் பெயர், ஊர், எண், வண்டி எண், அவர்கள் போய்த் தங்கக்கூடிய சொந்தங்கள். இதையெல்லாம் ஒரு கவரில் இப்போதே போட்டு வையுங்கள், அன்றைக்குக் கை நடுங்கும். நீங்களே ஆள் திரட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போகாதீர்கள். அடிதடியானால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், நடுவில் பிள்ளை இருக்கும். போலீஸ் தாமதித்தால் உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில், ஆட்கொணர்வு மனு.

பிள்ளை திரும்பிய அன்று கேள்வி கேட்காதீர்கள். அடிபட்டதாகவோ தொட்டதாகவோ சந்தேகம் இருந்தால், குளிப்பாட்டுவதற்கும் உடையைத் துவைப்பதற்கும் முன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், உடையைக் காகிதப் பையில் வையுங்கள். ஆளாளுக்கு வந்து விசாரிக்க விடாமல், வாக்குமூலத்தைக் காவல்துறையும் மாஜிஸ்திரேட்டும் பதிவு செய்யட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர் இருப்பார், கேட்டு வாங்குங்கள். சில வாரங்கள் படுக்கையை நனைக்கலாம், பள்ளிக்குப் போக மறுக்கலாம். விளக்கை எரியவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.