ஜாதிக்காய் மரம் ஆணா பெண்ணா? பூவைக் கீறிப் பார்த்தால் தெரியும்

குமரி மாவட்டத்தில் திற்பரப்புக்குப் பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) தென்னைக்கு ஊடே பன்னிரண்டு மூடு (மரம்) ஜாதிக்காய் நிற்கிறது. போன வருடம்வரை பதின்மூன்று. ஏழு வருடம் வளர்த்தும், பூத்தும், காய் காணவில்லை; ஆண் மரம்தான் என்று முடிவுகட்டி ஒன்றை நானே வெட்டினேன். கீழே விழுந்த கொம்பில், இலைக்கு அடியில், சுண்டைக்காய் அளவில் மூன்று பிஞ்சு. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடவு, உரம், தண்ணீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன். விதைக்கன்று நட்டால் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போகும். 6 முதல் 8 வருடத்தில் பூக்கிறவரை வெளியே எதுவும் தெரியாது. இலை சிறிதாக இருந்தால் ஆண், கொம்பு மேல்நோக்கிப் போனால் ஆண் என்று எங்கள் பாட்டா சொல்வார். பன்னிரண்டில் ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அந்த அளவுக்குத் தேறியிருக்கும்.

1. கொத்தைப் பாருங்கள். ஆண் மரத்தில் ஒரே காம்பில் பல பூ தொங்கும், பத்துவரைகூட. பெண் மரத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பூ, சில இடத்தில் இரண்டு மூன்று. நான் தப்பு செய்தது இங்கேதான். அந்த மரத்தில் இரண்டு மூன்றாகப் பார்த்ததும் கொத்து என்று எடுத்துக்கொண்டேன். ஆண் கொத்திலும் மற்றவை உதிர்ந்து ஒன்று மட்டும் மிஞ்சும். அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள்.

2. கீறுங்கள். பூ அந்திக்குப் பிறகுதான் விரியும், விடிந்ததும் பறித்தால் வாடாமல் கிடைக்கும். மரத்தின் நாலு பக்கமும் சேர்த்துப் பத்துப் பூவாவது எடுங்கள். பிச்சாத்தி (கத்தி) வேண்டாம், பூவை நசுக்கிவிடும். ஒட்டுக்கத்தியும் இதற்கு உதவாது. பாதியாக உடைத்த சவர பிளேடுதான் என் கட்சி. பூவை ஒரு துண்டு வாழையிலையில் வைத்து, காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் கீறி, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆண் பூ ஒல்லி. உள்ளே நடுவில் ஒரு தூண், அதன் மேல்பாகத்தில் நெடுக்குக் கோடுகள். அவைதான் மகரந்தப் பைகள். விரலில் தேய்த்தால் பொடி ஒட்டும். பெண் பூவுக்கு அடிவயிறு குடம்போலப் பருத்திருக்கும். உள்ளே தூண் இருக்காது. மெல்லிய ரோமம் படர்ந்த ஒரு சின்னக் குடுவை, அதன் உச்சி உதடு பிளந்ததுபோல் இரண்டாக இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கீறாமலே, வயிற்றை வைத்தே சொல்லிவிடுவீர்கள்.

3. அடையாளம் போடுங்கள். சுண்ணாம்பு ஆனி மழையில் பாதி, ஐப்பசி மழையில் மீதி கழுவிப் போகும். சிவப்பு எனாமல் பெயின்ட் அடியுங்கள்.

4. ஆணை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒழிக்காதீர்கள். பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் நிற்க வேண்டும். மகரந்தம் சுமப்பது சின்னச் சின்ன வண்டுகள், அவற்றுக்கும் எடுக்க ஓர் இடம் வேண்டாமா? என் பன்னிரண்டில் ஏழு பெண், ஐந்து ஆண். ஓர் ஆணை விட்டுவிட்டு, மற்ற நாலையும் நெஞ்சு உயரத்தில் வெட்டினேன். புதுத் துளிர் பென்சில் கனத்துக்கு வந்ததும், குலசேகரத்தில் மாமா விளையில் நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து கண் (மொட்டு) எடுத்து, துளிரின் பட்டைக்குள் வைத்துக் கட்டிப் பட்டிங் செய்தேன். ரப்பருக்குச் செய்கிற அதே வேலைதான், நம் ஊரில் சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கட்டுவதற்கு இன்சுலேஷன் டேப்பைவிட நர்சரியில் கிடைக்கிற பாலித்தீன் நாடா நல்லது.

கண்ணை மட்டும் நேராக மேலே போகிற துளிரிலிருந்து எடுங்கள். பக்கக் கொம்பின் கண் ஒட்டினாலும் பக்கவாட்டிலேயே வளரும். என் நாலில் ஒன்று அப்படித்தான் குடைபோல விரிந்து கிடக்கிறது. தேங்காய் வெட்ட வருகிறவர் அதைத் தாண்டும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்.

பின்சேர்க்கை: ஆண் மரம் என்று நினைத்தது நாலைந்து காய் தந்திருக்கிறதே என்று அருமனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நடப்பதுதான். சில மரத்தில் இரண்டு வகைப் பூவும் வரும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து கண் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: இத்தனை பாடு எதற்கு, ஒட்டுக்கன்று வாங்கலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். புதிதாக நடுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஸ்வஸ்ரீ, கேரளஸ்ரீ ரகங்கள் இருக்கின்றன. கூடவே ஓர் ஆண் கன்றையும் மறக்காதீர்கள். ஏற்கெனவே ஏழு வருடம் வளர்ந்து நிற்கிற மூட்டைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெட்டிய அந்தப் பதின்மூன்றாவது மூட்டில் இப்போது நேராக இரண்டு துளிர் வந்திருக்கிறது. அதற்குப் பட்டிங் தேவையில்லை, அது பெண்தானே.