ஸ்வீடன் கஃபேயில் தோழியோடு: பில்லுக்குப் போட்டி போடாதீர்கள்

ஸ்வீடனில் ஒருவர் "ஃபீக்காவுக்கு வா" என்று கூப்பிட்டால், காபி குடித்துவிட்டுக் கிளம்புவதற்கு அல்ல. காபியைக் குறித்த 'கஃபி' என்ற பழைய பேச்சுச் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பிறந்தது ஃபீக்கா. காபி, கூட ஒரு பன், அவசரமில்லாத பேச்சு, மூன்றும் சேர்ந்ததுதான் அது. இது புரியாததால்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறோம்.

முதல் தவறு பில்லில். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்கு வந்த புதிதில், தோழி கார்டை எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு இருவருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அவள் முகம் சட்டென்று வாடியது. உட்கார்ந்ததும் போனை எடுத்து, தன் பங்கை க்ரோனர் (ஸ்வீடன் நாணயம்) கணக்கில், பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலியில் அனுப்பிவிட்டுத்தான் கோப்பையைத் தொட்டாள். நமக்குப் பாசமாகத் தெரிவது அவளுக்குக் கடனாகத் தெரிந்திருக்கிறது. அங்கே அவரவர் காசை அவரவர் கொடுப்பதுதான் வழக்கம். வாங்கிக் கொடுக்க ஆசையென்றால் கூப்பிடும்போதே "யா பியூடர்" என்று சொல்லிவிடுங்கள். 'என் கணக்கு' என்று அர்த்தம். மகிழ்ச்சியாக வருவார்கள், அடுத்த முறை அவர்கள் கூப்பிடுவார்கள்.

மேசையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கஃபேக்களில் கவுன்டரில் சொல்லி, பணம் கட்டி, தட்டை நாமே எடுத்துவர வேண்டும். சில பழைய கடைகளில் வாசலருகே டோக்கன் இயந்திரம் இருக்கும். அதைக் கவனிக்காமல் நின்றால் நமக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். கையில் ரொக்கம் மட்டும் வைத்துக்கொண்டு போவதும் சிக்கல், பல கடைகளில் வாங்குவதே இல்லை.

லாட்டேதான் வேண்டும் என்று நிற்காமல் ஒரு முறை சாதாரண ஃபில்டர் காபியைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதற்கு 'போட்டோர்', அதாவது இரண்டாம் கோப்பை, இலவசமாகவோ சொற்பக் காசுக்கோ கிடைக்கும். பேச்சு நீள்வதற்கு அதுதான் வழி.

பன்னில் இலவங்கப்பட்டை போட்டது கனேல்புல்லே. அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், பக்கத்திலேயே இருக்கும் ஏலக்காய் பன்னை விட்டுவிடாதீர்கள். முடிச்சுப் போட்ட மாவின் மடிப்புகளில் கொரகொரப்பாக இடித்த ஏல விதைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பிய்த்ததும் வரும் வாசனையில் நம் வீட்டுப் பாயச நினைவு வராமல் போகாது. கோத்தன்பர்க்கின் ஹாகா பகுதியில் ஒரு கனேல்புல்லே ஒரு தட்டை நிறைக்கும். ஆளுக்கொன்று வாங்காமல் ஒன்றும் இரண்டு தட்டும் கேளுங்கள். செம்லா என்ற கிரீம் பன் தவக்காலத்தை ஒட்டிய பண்டம். அக்டோபரில் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது.

சைவர்களுக்கு ஒன்று: ரொட்டி மேல் வெள்ளையாக, சதகுப்பைக் கீரை (டில்) தூவி இருப்பதை சாலட் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறால் இருக்கும். பன் மேலும் முட்டை தடவியிருப்பார்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

எழும்போது காலிக் கோப்பைகளை அப்படியே விட்டுவிடாமல் ஓரத்தில் இருக்கும் தட்டு வண்டியில் வையுங்கள். அடுத்த முறை தோழியைப் பார்த்ததும் "தாக் ஃபோர் செனாஸ்ட்" என்று தொடங்குங்கள், 'போன தடவைக்கு நன்றி'. இதைச் சொன்ன அன்று என் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.